விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு: ஃபைல் ஒன்றுகூடப் போகாமல் மாறுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கணினி வழக்கம்போல் ஓடத்தான் செய்யும், பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. அதனால் வீடுகளிலும் சிறு கடைகளிலும் பலர் இப்போது விண்டோஸ் 11-க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் முதலில் காதில் விழுவது, “ஃபார்மட் அடிச்சுடலாம் சார், டேட்டா ஏதாச்சும் வேணுமா?” என்பதுதான். ஐந்தாறு வருடமாகச் சேர்ந்ததில் எது வேண்டும், எது வேண்டாம் என்று கடை வாசலில் நின்றபடி யாரால் சொல்ல முடியும்?

வீட்டுக் கணினியையும் தம்பியின் டிடிபி கடைக் கணினிகளையும் மாற்றி முடிப்பதற்குள் நாங்கள் நிறையவே அலைந்தோம். வேண்டிய விவரங்கள் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். ஒரு படியை முடிக்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. ஃபார்மட் உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள்

விண்டோஸ் 10-இன் மேலேயே 11-ஐப் போட முடியும். அப்படிப் போட்டால் ஃபைல்கள், மென்பொருள்கள், பயனர் கணக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அசல் உரிமமுள்ள விண்டோஸ் 10 என்றால் அப்கிரேடுக்குக் காசும் கிடையாது. கணினிக்குத் தகுதி இருக்கிறது என்றால் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

தகுதியைப் பார்க்க, மைக்ரோசாஃப்ட் தளத்தில் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சிறு செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அது பார்ப்பது இவற்றைத்தான்: 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க், செக்யூர் பூட் வசதியுள்ள யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்), டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரமாக வைக்கும் பாதுகாப்பு வசதி). பிராசஸர் இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் ஏற்றுக்கொள்கிறது.

டிபிஎம் இல்லை என்று காட்டினால் உடனே கைவிட வேண்டாம். பல கணினிகளில் அது பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரையில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும், அதை இயக்கினால் போதும். ஆனால் பயாஸுக்குள் போவதற்கு முன் அடுத்த படியில் சொல்லும் பிட்லாக்கர் சாவி கையில் இருக்க வேண்டும். அங்கே ‘கிளியர் டிபிஎம்’ என்றும் ஒன்று இருக்கும். அதைத் தொடவே கூடாது.

இன்னொன்று: செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய்ப் பாருங்கள். உங்கள் விண்டோஸ் 10 ஒருவேளை 32 பிட் என்றால், பிராசஸர் 64 பிட்டாகவே இருந்தாலும் மேலேயே போட முடியாது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. உங்களுக்குப் புதிதாகப் போடுவதுதான் வழி, படி 7-ஐக் கவனமாகப் படியுங்கள்.

தகுதியே இல்லாத கணினி என்றால் அவசரப்பட்டுக் குறுக்கு வழிகளில் போட வேண்டாம். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்தால் விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை ஒத்திசைத்தால் இலவசம், இல்லாவிட்டால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அதுவும் இல்லாவிட்டால் 30 டாலர் கட்டணம். அந்த இடைவெளியில் வேறு கணினிக்குக் காசு சேர்க்கலாம்.

2. கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இவற்றை எழுதி வையுங்கள். கணினியிலேயே சேமித்து வைத்தால் பயன் இல்லை.

மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும். தினமும் பின் எண் போட்டே உள்ளே போகிறவர்களுக்குக் கடவுச்சொல் மறந்தே போயிருக்கும். அதை மீட்க ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்றும் பாருங்கள். பழைய சிம்முக்குப் போகிறது என்றால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

பிட்லாக்கர் மீட்புச் சாவி. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இதன் சாவிதான் இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது. பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது உரியவருக்கே தெரியாது. ஹோம் பதிப்பில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அது தானாகவே இயங்கியிருக்கும். பயாஸில் ஏதாவது மாறினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத்திரையில் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் ஃபைல்களை மைக்ரோசாஃப்ட்டாலும் திறந்து தர முடியாது. கைப்பேசியில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, டிவைஸஸ் பகுதியில் இந்த லேப்டாப்பின் மீட்புச் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இல்லையென்றால் லேப்டாப்பை முதன்முதலில் யாருடைய கணக்கில் திறந்தீர்கள் என்று யோசியுங்கள். விற்ற கடைக்காரர் உருவாக்கித் தந்த கணக்காகவோ, கல்லூரிக்குப் போன மகளின் கணக்காகவோ இருக்கக்கூடும். சாவி அந்தக் கணக்கில்தான் கிடக்கும்.

எம்எஸ் ஆஃபீஸ் வாங்கிய கணக்கு அல்லது சாவி, பிரின்டர் மாடல், வைஃபை கடவுச்சொல் இவையும் வேண்டும். டேலி கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் சீரியல் எண்ணையும், அது பதிவாகியிருக்கும் மின்னஞ்சலையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். சான்றிதழ் அந்த யுஎஸ்பி டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது, கணினியில் டிரைவரை மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கலாம்.

3. ஃபைல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடுங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். அரை நாள் போனாலும் போகட்டும். நான் பார்த்தவரை, தொலைந்துபோகிற ஃபைல்களில் பெரும்பாலானவை எங்கே இருந்தன என்று உரியவருக்கே தெரியாதவை.

“சி டிரைவை மட்டும்தான் அழிப்போம், டி-யில் இருக்கறது எங்கயும் போகாது” என்று சொல்வார்கள். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கும் சி டிரைவில்தான் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் வைத்த ஃபைல் கண்ணெதிரே தெரிவதால் அது தனி இடம் என்று பலர் நினைக்கிறார்கள். சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். வீட்டில் மற்றவர்களுக்குத் தனிக் கணக்கு இருந்தால் அவர்கள் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பப்ளிக்’ என்பதையும் விடாதீர்கள்.

அப்புறம் மறைந்திருப்பவை. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ என்பதை டிக் செய்தால் உங்கள் பெயர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்று ஒன்று தென்படும். ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்டு ஆகியவற்றின் புரொஃபைல்கள், ஸ்டிக்கி நோட்ஸ் குறிப்புகள் எல்லாம் இதற்குள்தான் வாழ்கின்றன. குரோமின் ஃபோல்டரும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அதை அப்படியே நகலெடுத்துப் புதிதாகப் போட்ட விண்டோஸில் வைத்தால் கடவுச்சொற்கள் திறக்காது, அவை பழைய விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. ஒன்று கூகுள் கணக்கில் சிங்க் செய்யுங்கள், அல்லது பாஸ்வேர்ட் மேனேஜரிலிருந்து ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதியான ஃபைலில் கடவுச்சொற்கள் எவரும் படிக்கும்படி அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் அதை அழிக்க மறக்க வேண்டாம்.

அவுட்லுக்கில் பழைய முறையில் மெயில் இறக்குகிறவர்களுக்கு எல்லாக் கடிதங்களும் பிஎஸ்டி என்று முடியும் ஒரே ஃபைலில் இருக்கும். பொதுவாக டாக்குமென்ட்ஸில் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற ஃபோல்டரில் பாருங்கள். நகலெடுக்கும் முன் அவுட்லுக்கை மூடிவிடுங்கள்.

வாட்ஸ்அப் டெஸ்க்டாப்பில் ஒரு பொறி இருக்கிறது. வந்த எக்ஸெல் ஃபைலைச் சாட்டிலேயே தட்டித் திறந்து, திருத்தி, சேவ் செய்து மூடுகிறவர்கள் நிறைய. அந்தத் திருத்தம் வாட்ஸ்அப்பின் சொந்த மறைவு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்டவற்றைத் திறந்து ‘சேவ் ஆஸ்’ கொடுத்து டாக்குமென்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள்.

டேலியில் கம்பெனியைத் தேர்வு செய்யும் திரையிலேயே டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரியும். அதைக் குறித்துக்கொண்டு, டேலிக்குள்ளிருந்தே பேக்கப்பும் எடுங்கள். டேட்டா ஃபோல்டரையும் தனியாக நகலெடுங்கள். இரண்டும் வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் உங்களிடம் இருந்தால், ஃபைல் மட்டும் பத்திரமாக இருந்து பயனில்லை. பாமினியில் அடித்த ‘தமிழ்’ என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். டிடிபி கடையில் பத்து வருட அழைப்பிதழ்களும் கோயில் நோட்டீஸ்களும் இப்படித்தான் கிடக்கின்றன. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தமிழ் எழுத்துருக்கள் அனைத்தையும் நகலெடுங்கள். அதோடு நிறுத்தக் கூடாது. வலது கிளிக்கில் சும்மா ‘இன்ஸ்டால்’ கொடுத்துப் போட்ட எழுத்துருக்கள் அந்த ஃபோல்டருக்குப் போவதில்லை. அவை ஆப்டேட்டாவில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் இருக்கும். தட்டச்சு மென்பொருளின் இன்ஸ்டலேஷன் ஃபைலையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பழைய பதிப்புகள் பிறகு இணையத்தில் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

கடைசியாக ஒன்டிரைவ். ஃபைலுக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருந்தால் அது டிஸ்க்கில் இருக்கிறது. மேகப் படம் மட்டும் இருந்தால் அது இணையத்தில்தான் இருக்கிறது, கணினியில் இருப்பது வெறும் பெயர். முக்கியமானவற்றை வலது கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்து, முழுதாக இறங்கிய பிறகு நகலெடுங்கள்.

4. நகலெடுப்பது: எதில், எவ்வளவு செலவில், எவ்வளவு நேரத்தில்

டி டிரைவில் ஒரு நகல் வைப்பது பேக்கப் ஆகாது. பெரும்பாலான கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள்தான். வெளியே கழற்றி வைக்கக்கூடிய ஒன்று வேண்டும்.

ஒரு டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நாங்கள் வாங்கியபோது ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே ஆனது. விலை ஏறி இறங்கும், ஆனாலும் இந்த வேலையில் செய்ய வேண்டிய செலவு இது ஒன்றுதான், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இணையச் சேமிப்பில் இலவசமாகக் கிடைப்பது கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவில் 5 ஜிபி. படங்களுக்கும் வீடியோவுக்கும் போதாது. ஆனால் டேலி பேக்கப், சான்றிதழ் ஸ்கேன்கள், பத்திர நகல்கள் போன்ற சிறிய, போனால் திரும்பாதவற்றை அங்கே இரண்டாவது நகலாக ஏற்றிவிடுங்கள்.

பழைய பென் டிரைவில் எடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆன டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. கல்யாண வீடியோவும் பெரிய பிஎஸ்டி ஃபைலும் அங்கே மாட்டிக்கொள்ளும். பென் டிரைவில் வேறு எதுவும் இல்லையென்றால் எக்ஸ்ஃபேட் முறையில் மறுபடி ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

நேரம்: நீல நிற யுஎஸ்பி 3 துளையில் செருகினால் 100 ஜிபி அரை மணிக்குள் போய்விடும். பழைய யுஎஸ்பி 2 துளை என்றால் ஒரு மணி நேரம். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் இருந்தால் இன்னும் கூடும். எப்போதும் காப்பி மட்டும் செய்யுங்கள், கட் செய்ய வேண்டாம். பாதி வழியில் மின்சாரம் போனால் எது போனது எது வந்தது என்று தெரியாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பெயர் மிக நீண்டுவிட்டால் விண்டோஸ் நகலெடுக்க மறுக்கும். அந்த இடத்தில் ‘ஸ்கிப்’ கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். வெளி ஃபோல்டரின் பெயரைச் சுருக்கிவிட்டு மறுபடி நகலெடுங்கள்.

5. நகலை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்

பலரும் விட்டுவிடுகிற படி இது. மூல ஃபோல்டர், நகல் இரண்டிலும் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ் கொடுத்தால் ஃபைல் எண்ணிக்கை தெரியும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆப்டேட்டாவில் சில குறையலாம், அது பரவாயில்லை.

பிறகு ஹார்ட் டிஸ்க்கைப் பக்கத்து வீட்டுக் கணினியிலோ நண்பரின் லேப்டாப்பிலோ செருகுங்கள். சில படங்கள், ஒரு எக்ஸெல், ஒரு பெரிய வீடியோவின் கடைசிப் பகுதி, பாமினியில் அடித்த ஒரு ஃபைல் என்று திறந்து பாருங்கள். பாமினி ஃபைல் அங்கே ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால், நகலெடுத்து வைத்த எழுத்துருவை அங்கேயே போட்டுப் பாருங்கள். தமிழ் வந்துவிட்டால் சரி. ஒன்டிரைவிலிருந்து எடுத்தவையும் இணையம் இல்லாமல் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் படி 3-க்குத் திரும்புங்கள்.

6. அப்கிரேடு செய்யும் நாள்

ஜிஎஸ்டி ரிட்டர்ன் நாளும் முகூர்த்தச் சீசனும் வேண்டாம். மின்வாரியம் உங்கள் பகுதிக்கு அறிவித்த பராமரிப்பு மின்தடை நாளும் வேண்டாம். லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கட்டும், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று முந்தின நாளே பாருங்கள்.

சி டிரைவில் 30 ஜிபியாவது காலியாக வையுங்கள். இலவச ஆன்டிவைரஸ் எதையாவது போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். இறக்க வேண்டியது 5 ஜிபிக்குக் குறையாது, ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் கைப்பேசி ஹாட்ஸ்பாட் பாதியில் நின்றுவிடும். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். அது கணினியோடு இணைந்தே இருக்கக் கூடாது.

முதலில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியைப் பாருங்கள். விண்டோஸ் 11 தயார் என்று அங்கேயே வந்திருந்தால் அதுதான் எளிய வழி. வரவில்லை என்றால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ‘விண்டோஸ் 11 இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட்’டை இறக்கி ஓட்டுங்கள். இந்த இரண்டுமே ஃபைல்களையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டுதான் மாற்றும்.

ஐஎஸ்ஓ ஃபைல் (விண்டோஸ் 11 முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைல்) வழியாகச் செய்வோர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ‘எதை வைத்துக்கொள்வது’ என்ற கேள்வியில் மூன்று விடைகள் இருக்கும்: ஃபைல்களும் ஆப்களும், ஃபைல்கள் மட்டும், எதுவும் வேண்டாம். முதலாவது மங்கலாகி, தேர்வு செய்ய முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள். பெரும்பாலும் மொழிதான் காரணம். உங்கள் விண்டோஸ் பிரிட்டிஷ் ஆங்கிலத்திலும் ஐஎஸ்ஓ அமெரிக்க ஆங்கிலத்திலும் இருந்தால்கூட அது ஒத்துக்கொள்ளாது. அந்தப் பதிப்புக்குரிய ஐஎஸ்ஓவை இறக்கி மறுபடி தொடங்குங்கள். அதேபோல், பென் டிரைவிலிருந்து பூட் செய்து, அதாவது கணினியையே அதிலிருந்து ஆன் செய்து தொடங்கினால் மேலேயே போடும் வசதி கிடைக்காது. விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள்ளிருந்துதான் செட்டப்பை ஓட்ட வேண்டும்.

எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) உள்ள கணினியில் ஒன்றிரண்டு மணி நேரம், பழைய ஹார்ட் டிஸ்க்கில் அரை நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும், பலமுறை ரீஸ்டார்ட் ஆகும். பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

7. புதிதாகப் போட்டே ஆக வேண்டும் என்றால்

பழைய டிஸ்க்கைத் தொடாமல் இருப்பதுதான் நான் சொல்லக்கூடிய மிகப் பாதுகாப்பான வழி. புது எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, அதில் விண்டோஸ் 11-ஐப் போடச் சொல்லுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கணினியும் வேகமாகும், பழையது அப்படியே ஒரு நகலாகவும் இருக்கும். யுஎஸ்பி அடாப்டர் ஒன்று இருந்தால் விட்டுப்போன ஃபைலை அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அப்போதும் அந்த 48 இலக்கம் கேட்கும்.

அழிப்பதற்கு முன் டேலி லைசென்ஸை ‘சரண்டர்’ செய்யுங்கள், அதாவது இந்தக் கணினியிலிருந்து விடுவியுங்கள். ஹெல்ப் மெனுவில் செட்டிங்ஸ், லைசென்ஸ் என்று போனால் இருக்கும்.

கடையில் கொடுத்தால், பார்ட்டிஷன்களை (டிஸ்க்கின் பகுதிகளை) அழிக்கும் திரை வரும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஃபார்மட் செய்யாமல் பழைய விண்டோஸ் இருந்த பகுதியிலேயே போட்டால், பழைய யூசர்ஸ் ஃபோல்டர் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் போய்ச் சேரும். டெலீட் கொடுத்துவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை.

புதிதாகப் போட்ட ஹோம் பதிப்பு மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். நுழைந்த பிறகு டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ஒன்டிரைவ் தன்னிடம் இழுத்துக்கொள்ளலாம். 5 ஜிபி நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வரும். பேக்கப்பை அணைத்தால் டெஸ்க்டாப் காலியானது போலத் தெரியலாம். பதற வேண்டாம், ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப் என்ற பெயரில் பாருங்கள், அங்கேதான் இருக்கும். முதலில் அவற்றை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள்.

8. முதல் பத்து நாட்கள்

உள்ளே நுழைந்ததும் டெஸ்க்டாப் வெறுமையாக இருந்து, தற்காலிகப் புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள் என்ற அறிவிப்பு வந்தால் அங்கே எந்த வேலையும் செய்யாதீர்கள். வெளியேறும்போது அதில் சேமித்தது அழிந்துவிடும். ரீஸ்டார்ட் செய்து மறுபடி நுழையுங்கள்.

விண்டோஸ் 11 பிடிக்கவில்லை, பிரின்டர் ஓடவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று போய் ‘கோ பேக்’ கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம். அதற்குமுன் இடையில் உருவாக்கிய ஃபைல்களை வெளியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டர் 20, 30 ஜிபி இடம் பிடித்தாலும் அதுவரை தொடாதீர்கள். இடம் பண்ணுகிறேன் என்று ஏதாவது கிளீனர் மென்பொருளை ஓட்டினால் திரும்பும் வழி அன்றோடு அடைபடும். பத்து நாள் கழிந்தால் விண்டோஸே அதை அழித்துவிடும்.

இந்தப் பத்து நாட்களில் மாதத்துக்கு ஒரு முறை மட்டும் தொடுகிற வேலைகளைத் திறந்து பாருங்கள்: டேலியில் போன வருடக் கம்பெனி, டோக்கன் வைத்துக் கையொப்பம், ஸ்கேனர், பழைய அழைப்பிதழ் ஒன்றின் பிரின்ட். புதிதாகப் போட்டிருந்தால் மீட்புச் சாவியையும் மறுபடி பாருங்கள். புது விண்டோஸ் டிஸ்க்கை மறுபடி பூட்டியிருந்தால் சாவியும் புதிதாக இருக்கும், தாளில் இருக்கும் பழைய எண் உதவாது.